தாம்பாளத்துக்கு மேல் ஒரு தலை

முதலாம் எலிசபெத் ராணி காலத்து லண்டன். பெரிய மனுஷன் என்றால் கழுத்தைச் சுற்றித் தாம்பாளம் மாதிரி மடிப்புக் காலர் விரிந்து நிற்கவேண்டும். அதற்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவதில் கடல் கடந்து வந்த ஃபிளாண்டர்ஸ்காரி லிஸ்பெட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. கம்பளி வியாபாரி ஹம்ஃப்ரி அவளைவிடப் பத்து வயது மூத்தவன். காலருக்காக வந்து, அவள் பேச்சுக்காகவே வர ஆரம்பித்து, கடைசியில் அவளைக் குரு என்றே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அன்று காலையிலேயே வந்து நின்றான்.

“அம்மா, ஆற்றங்கரையில் மூட்டை தூக்கின பயல் நான். இன்றைக்கு நாற்பது பேர் என் மூட்டையைத் தூக்குகிறான்கள். இருந்தும் வணிகர் சங்கத்தில் என்னைச் சேர்க்க ஒன்பது வருஷமாக இழுக்கிறார்கள். இன்று பதினொரு மணி விருந்தில் என்னைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம். அவர்கள் மதிக்கிற மாதிரி ஆவது எப்படி?”

“உங்களுக்கு என்ன தோன்றுகிறது?”

“சங்கத் தலைவர் காலரைவிட என் காலர் பெரிதாக இருக்கவேண்டும்.”

“எவ்வளவு பெரிது?”

“பார்க்கிறவன் வயிறு எரியணும்!”

லிஸ்பெட் அடுப்பை மூட்டினாள். பானைக் கஞ்சியில் பாதியை அந்த ஒரு காலருக்கே தீர்த்தாள். சூட்டு இரும்பால் மடிப்பு மடிப்பாக நிறுத்தி, கம்பி கொடுத்துக் கட்டி அனுப்பினாள்.

மூன்று மணிக்குக் கதவு உதைபட்டுத் திறந்தது. உதைத்தவன் நேராக நுழைய முடியாமல் பக்கவாட்டில் நுழைந்தான்.

“என்னைக் கெடுத்துவிட்டீர்களே!”

“யாரும் பார்க்கவில்லையா?”

“ஊரே பார்த்தது! வறுத்த அன்னம் வந்தது, கரண்டி வாய்க்கு எட்டவில்லை. பன்றி வந்தது, அதுவும் எட்டவில்லை. தலைவர் என் இடப்பக்கம் உட்கார்ந்து மூன்று தரம் கூப்பிட்டாராம். கழுத்துத் திரும்பினால்தானே? ‘திமிர் பிடித்தவன்’ என்று எழுந்து போய்விட்டார்.”

“சாப்பிடவே இல்லையா?”

“ஒரு வாய் பீர்கூட இறங்கவில்லை!”

அவள் பானையில் மிச்சமிருந்த கஞ்சியைச் சுடவைத்து, உப்புப் போட்டு, மரக்கிண்ணத்தில் நீட்டினாள். கிண்ணம் காலரில் இடித்தது. ஹம்ஃப்ரி காலரின் பரம்பரையையே திட்டி, அவிழ்த்து ஆணியில் மாட்டினான். மூன்று கிண்ணம் உள்ளே போனது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கதவு மறுபடி திறந்தது. சங்கத் தலைவர். அவருடைய காலர் நனைந்து, வேகவைத்த கீரையாக நெஞ்சில் தொங்கியது.

“லிஸ்பெட், இதற்கு உடனே கஞ்சி போடு.” முக்காலியில் இருந்தவனைப் பார்த்தார். “நீ யாரப்பா?”

“ஹம்ஃப்ரி. காலையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.”

“அந்தத் தாம்பாளத்துக்கு மேல் இருந்த தலை நீதானா?”

“தலை திரும்பவில்லை ஐயா. திமிர் இல்லை.”

தலைவர் பானையை எட்டிப் பார்த்தார். “இன்னும் இருக்கிறதா? இந்தச் சனியனைக் கட்டிக்கொண்டு விருந்தில் எவன் வயிறாரச் சாப்பிட்டான்!”

அவர் காலரும் அவிழ்ந்தது. மழை விடும்வரை இரண்டு வெறுங்கழுத்துகளும் கஞ்சி குடித்துக்கொண்டே கம்பளி விலைக்குச் சண்டை போட்டன. விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டவனைத் தலைவருக்குப் பிடித்துப்போயிற்று.

“திங்கட்கிழமை சங்கத்துக்கு வந்து கையெழுத்துப் போடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹம்ஃப்ரி ஆணியில் தொங்கியதை வெறித்துப் பார்த்தான்.

“அம்மா, இதை அடுப்பில் போட்டுவிடட்டுமா?”

“எதற்கு? திங்கட்கிழமை போட்டுக்கொண்டு போங்கள். பசித்தால் கழற்றுங்கள்.”