பக்கெட்டில் பிடித்த கரண்ட்

எங்கள் காலேஜில் மூன்று மேதைகள் இருந்தார்கள். சிவில் மகிழ்மாறன், மெக்கானிக்கல் ஆரோக்கியம், கெமிக்கல் ஜமீலா. கடைசி வருஷம் வந்தும் முதல் வருஷத்து எலக்ட்ரிக்கல் லேப் மட்டும் மூன்று பேருக்கும் அரியர். இந்தத் தடவையும் போச்சுன்னா டிகிரி கிடையாது, கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலையும் காலி.

பாவம், அந்த லேப் எடுத்த தில்லைநாயகி மேடம். "கரண்ட்டைக் கண்டு பயப்படாதீங்கப்பா. பைப்புல தண்ணி ஓடுற மாதிரி வயர்ல கரண்ட் ஓடுது, அவ்வளவுதான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகளுக்கு அது உதாரணம். நம்ம ஆட்களுக்கு வேதவாக்கு.

பரீட்சையில் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. ஒரு பேட்டரி, ரெண்டு வயர், ஒரு பல்பு. எரியவைக்கணும்.

மகிழ்மாறன் பேட்டரியைத் தூக்கிப் பீரோ மேல் வைத்தான். "டேங்க் உயரத்துல இருந்தாத்தான்டா பிரஷர் வரும்." பல்பு தரைக்கு வந்தது.

ஆரோக்கியம் வயரை ஒரு மடிப்பு இல்லாமல் நீவினான். "எங்கயாவது மடங்கியிருந்தா அங்கயே அடைச்சுக்கும்."

ஒரு வயரைப் பேட்டரிக்கும் பல்புக்கும் மாட்டியாச்சு. இன்னொன்று எதற்கு என்று பெரிய மாநாடே நடந்தது.

"இதுலதான் கரண்ட் வருதே, அப்புறம் ரெண்டாவது எதுக்குடா?" என்றான் மகிழ்மாறன்.

"ஸ்பேரா இருக்கும்" என்றான் ஆரோக்கியம்.

ஜமீலா தலையை ஆட்டினாள். "சத்தைப் பல்பு எடுத்துக்கும். சக்கை வெளியே போக வேணாமா?"

"அட, ஆமால்ல!" ஆரோக்கியம் ஓடிப்போய் பாத்ரூம் பக்கெட்டைக் கொண்டுவந்தான். வயரின் ஒரு முனை பல்பில், மறுமுனை பக்கெட்டில். பல்பு எரியவில்லை. மூவரும் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள்.

வெளிக் காலேஜிலிருந்து பரீட்சை நடத்த வந்திருந்த சுந்தரவடிவேல் சார், முட்டை போடப் பேனாவைத் திறந்தார். மேடம் ஓடிவந்து குறுக்கே நின்றார். "ஐயோ, அந்த முனையைத் திரும்ப பேட்டரியிலேயே குடுத்துத் தொலைங்கப்பா!"

"சக்கையையா மேடம்?"

"ஆமாடி, சக்கையைத்தான்!"

கொடுத்தார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தது. சார் ஒரு பெருமூச்சு விட்டுப் பாஸ் போட்டார். மேடத்துக்கு சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

அப்புறம் மூவரும் அந்தக் காலிப் பக்கெட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

"இவ்வளவு நேரம் வடிஞ்சிருக்கு, உள்ள கை வைக்காதீங்க" என்றாள் ஜமீலா.

"மெதுவாடா, சிந்திடப் போகுது!" என்றான் மகிழ்மாறன்.

அடிமேல் அடி வைத்து வாசலுக்கு நகர்ந்தார்கள். வழியில் நின்றிருந்த சுந்தரவடிவேல் சார், தலை நரைக்கும்வரை எலக்ட்ரிக்கல் சொல்லிக்கொடுத்த மனுஷர், பேன்ட்டை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.