மல்லாந்த நமஸ்காரம்

உலகம் தோன்றிய நாள் முதல் எவருமே கால் தவறி விழாத மண்டபம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. முன்னொரு காலத்தில் உத்தமகேசரி மகாராஜா கொலுவீற்றிருந்த ராஜசபை மண்டபம்தான் அது. அங்கே விழுந்தவர்களை எல்லாம் கும்பிட்டவர்கள் என்று ஓலையில் எழுதிவிடுவார்கள்.

அந்த வழக்கம் மகாராஜாவின் ஓர் ஆசையிலிருந்து பிறந்தது. அவருடைய கிரீடத்தில் இருபத்தேழு கற்கள். சபையோர் தலை நிமிர்ந்து அதைப் பார்த்தால் மரியாதை இல்லை. பார்க்காமலே போனால் அது அதைவிட மரியாதைக் குறைவு. ஆகவே, தலையைக் குனிந்தபடியே அனைவரும் கிரீடத்தைக் காண வேண்டும் என்று மகாராஜா கட்டளையிட்டார்.

"தரையையே கண்ணாடி ஆக்கிவிடுகிறேன், பிரபு" என்றார் மண்டபக் கண்காணி வித்தகராயர்.

சுண்ணாம்பில் முட்டை வெண்கருவைக் குழைத்துப் பூசி, கூழாங்கல்லால் ஒரு மாதம் தேய்க்க வைத்தார். அதோடு விட்டிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். ஆர்வம் யாரை விட்டது? தினமும் காலையில் தேங்காய் எண்ணெய்த் துணியால் மேலுக்கு ஒரு துடைப்பும் போட வைத்தார்.

முதல் நாள் சேனாதிபதி உள்ளே வந்தார். ஏழு போர்களில் சாயாதவர், மூன்றாவது அடியில் சாய்ந்தார். மகாராஜாவின் புருவம் உயர்ந்தது. வித்தகராயருக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டென்று அவருடைய தொண்டை அவரைக் காப்பாற்றியது.

"சேனாதிபதி, மகாராஜாவுக்குச் சாஷ்டாங்க நமஸ்காரம்!"

மகாராஜா மனம் குளிர்ந்தார். அன்று முதல் யார் விழுந்தாலும் கட்டியக்காரர் அப்படியே கூவுவார்; ஓலைக்காரர் நாளும் பொழுதும் குறித்து எழுதிக்கொள்வார். தரை வழுக்குகிறது என்று வாய் திறப்பவனுக்குப் பாதி மீசையைச் சிரைத்துவிடுவது என்று ஒரு சட்டமும் வந்தது. முழு மீசை போனாலாவது வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி போனால் என்ன சொல்வது?

இந்தச் சபையில் இடும்பன் என்று ஒரு விகடன் இருந்தான். மகாராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் தொழில். அவன் சிரிக்க வைத்த நாளில் எல்லாம் வித்தகராயருக்குச் சோறு இறங்காது. இடும்பனுக்கு நிலமில்லை, நகையில்லை. சொந்தமென்று சொல்லிக்கொள்ள இருந்தது காது வரை போகும் ஒரு மீசைதான்.

அஷ்டமியன்று உச்சிவேளையில் மோர்க்காரி சிலம்பாயி வழக்கம்போலச் சபைக்கு மோர் கொண்டு வந்தாள். அரண்மனைக் கொட்டகையில் இரண்டு எருமைகளும், அதை ஒட்டிய ஓர் அறையும் அவளுக்கு விட்டிருந்தார்கள். மோர் கொடுக்கும்வரைதான் அந்த அறை. இருபது வருடமாக ஒரு சொட்டு சிந்தாதவள் அன்று பானையோடு வானத்தைப் பார்த்து விழுந்தாள். மளுக்கென்று சத்தம் கேட்டது. பானை சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

"மோர்க்காரி சிலம்பாயி, மகாராஜாவுக்குச் சாஷ்டாங்க நமஸ்காரம்!" என்று கூவினார் கட்டியக்காரர்.

"நமஸ்காரமா? மல்லாக்கக் கெடந்து எவன்யா கும்புடுவான்!" என்று சிலம்பாயி கத்தினாள். மகாராஜா அப்போது கண்ணயர்ந்திருந்தார். சபையில் ஒருவருக்கும் காது கேட்கவில்லை. கதவோரம் உட்கார்ந்திருந்த இடும்பனுக்கு மட்டும் கேட்டது.

அவன் கொட்டகைக்குப் போய்ச் சேருவதற்குள் வித்தகராயர் முந்திக்கொண்டிருந்தார். கையில் எழுதிய ஓலை, பக்கத்தில் மைக்கிண்ணம். சிலம்பாயி வைக்கோல் மேல் படுத்திருந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

"ஒன்றுமில்லையம்மா, ஒரு சின்னச் சடங்கு" என்று வித்தகராயர் குழைந்தார். "இதில் கைநாட்டு வைத்துவிடு. அரண்மனை வைத்தியரை உடனே அனுப்பி வைக்கிறேன்."

சிலம்பாயி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை நீட்டினாள். வலி பிடுங்கும்போது எந்த ஓலையும் நல்ல ஓலையாகத்தான் தெரியும்.

"அக்கா, வெரல மடக்கு" என்றான் இடும்பன். பிறகு வித்தகராயரிடம் திரும்பி, "ஐயா எழுத்து முத்து முத்தா இருக்குமே. கொஞ்சம் படிச்சுக் காட்டினா நானும் ரசிப்பேன்" என்றான்.

புகழ்ச்சி என்றால் வித்தகராயருக்கு நிதானம் தப்பிவிடும். படித்துவிட்டார். தான் சிந்திய மோரில் தானே கால் வைத்ததாகவும், அது தன் கவனக்குறைவு என்றும், அரண்மனைமேல் தனக்கு மனக்குறை ஏதும் இல்லையென்றும், கால் ஊனப்பட்டதால் மோர் ஊழியத்தையும் அறையையும் தானாகவே விட்டுவிடுவதாகவும் சிலம்பாயி அதில் சொல்லியிருந்தாள். அந்த ஊழியத்தை ஏற்கப்போவது யாரென்று ஓலையில் இல்லை. வித்தகராயரின் மச்சினி புதிதாக ஓர் எருமை வாங்கியிருப்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

"அடேயப்பா, எவ்வளவு நல்ல ஓலை!" என்றான் இடும்பன். "இதப் போயி அஷ்டமியில கைநாட்டு வாங்கலாமா? நாளைக்கு நவமி, அதுவும் ஆகாது. ஐயா பஞ்சாங்கம் பாக்காம தும்மக்கூட மாட்டீங்களே!"

வித்தகராயர் உதட்டைக் கடித்தார். தினமும் ஊருக்கு நாள் நட்சத்திரம் சொல்லுபவர், இன்று மட்டும் பஞ்சாங்கம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? "தசமியன்று வருகிறேன்" என்று ஓலையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் இடும்பன் வைக்கோலில் உட்கார்ந்தான். "அக்கா, நான் சொல்றத நல்லாக் கேளு. அரமண வைத்தியர் வேணாம். மேலத்தெரு எலும்பு வைத்தியர இப்பவே கூட்டியாறேன். எந்த எலும்பு எப்படி ஒடஞ்சதுன்னு அவர் வாயால நாலு பேருக்கு முன்னாடி சொல்லட்டும். இந்தப் பொடவைய மாத்திக்க, ஆனா தொவைக்காத. எண்ணெப் பிசுக்கோட அப்படியே மடிச்சு வை. அப்புறம், யாரு வந்து எப்படி இருக்கன்னு கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்லிராத."

"மரியாதைக்குக்கூடவா?"

"மரியாதைக்குச் சொன்னத நாளைக்குச் சபையில வந்து ஒப்பிப்பாங்க அக்கா."

"அப்ப என்னதான் சொல்றது?"

"கும்புட்ட மாதிரி இருக்கேன்னு சொல்லு."

இரண்டு நாளும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வித்தகராயரின் மச்சினி ஒரு சீப்பு பழத்தோடு வந்து, "முகத்துல களை வந்துருச்சே, இப்ப தேவலையா?" என்று கேட்டாள். "கும்புட்ட மாதிரி இருக்கேன்" என்றாள் சிலம்பாயி. கேட்காமலே ஒரு சலவைக்காரர் வந்து, பழைய புடவை இருந்தால் இனாமாக வெளுத்துத் தருவதாகச் சொன்னார். இருபது வருடத்தில் அப்படி ஒரு தர்மம் அந்தக் கொட்டகைக்குள் வந்ததில்லை. சிலம்பாயி புடவையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள்.

தசமியன்று சபை கூடியதுமே வித்தகராயர் முந்தினார்.

"பிரபு! இந்த விகடன் நமது தரையின்மேல் பழி சுமத்த ஆள் திரட்டுகிறான். மோர்க்காரியின் கைநாட்டையும் தடுத்துவிட்டான்."

மகாராஜாவுக்குத் தரை என்றால் உயிர். முகம் சிவந்தது. ஆனாலும் இடும்பனைப் பார்த்ததும் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. "இடும்பா! அவளுக்கு நியாயம் கேட்கத்தானே வந்தாய்? கேள். ஆனால் என் தரையைக் குறை சொல்லக் கூடாது. வழுக்கல் என்ற சொல் இந்தச் சபையில் எவர் வாயிலும் வரக் கூடாது. அப்படி நீ கேட்டு வென்றால் அவள் விருப்பம் நிறைவேறும். தோற்றால் அவள் ஓலையில் கைநாட்டு வைப்பாள். உனக்குப் பாதி மீசை போகும்."

சபையில் ஒரு சிரிப்பு ஓடியது. நாவிதர் கத்தியைத் தீட்டுவது இடும்பனுக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் மீசை போனால் ஆறு மாதத்தில் வளரும். சிலம்பாயியின் அறை போனால் வளராது.

"உத்தரவு, மகாராஜா" என்றான்.

நான்கு சமையல்காரர்கள் காலில் தேங்காய் நாரைச் சுற்றிக்கொண்டு ஒரு கட்டிலைத் தூக்கி வந்தார்கள். அதில் மல்லாந்தபடி சிலம்பாயி. கால்மாட்டில் மடித்த புடவை. வித்தகராயர் அந்தப் புடவையையே முறைத்துக்கொண்டு நின்றார். அதில் இருப்பது தாளித்த எண்ணெய் என்று சாட்சி சொல்ல மூன்று பேரைத் தயார் செய்து வைத்திருந்தார். இடும்பன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"மகாராஜா, சிலம்பாயி வழக்கு எதுவும் கொண்டு வரவில்லை. அவள் தங்களைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்."

"இப்போதா?"

"அஷ்டமி உச்சிவேளையிலிருந்து, பிரபு. ஓலைக்காரரைக் கேளுங்கள்."

ஓலைக்காரர் ஓலையைப் புரட்டி, ஆம் என்று தலையாட்டினார். அவர் எதையும் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்; காதில் விழுந்ததை எழுதுவார்.

"தங்கள் பாட்டனார் காலத்து மரபு ஒன்று உண்டு" என்று இடும்பன் தொடர்ந்தான். "சாஷ்டாங்கமாக வணங்கியவர், 'எழுந்திரு, வேண்டியதைக் கேள்' என்று மன்னர் சொல்லும்வரை எழக் கூடாது. கேட்டதைக் கொடுக்காமல் மன்னரும் அனுப்பக் கூடாது. தாங்கள் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆகவே இவள் எழவில்லை. தாங்கள் கொட்டகைவரை நடந்து வர வேண்டாமே என்றுதான் இங்கே கொண்டு வந்தேன்."

"பொய்!" என்று குதித்தார் வித்தகராயர். "அன்றே இவள் மண்டபத்தைவிட்டுப் போய்விட்டாள்!"

"தூக்கிக்கொண்டு போனார்கள், ஐயா. எழுந்து போகவில்லை. கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடையில் எலும்பு இரண்டாகிவிட்டதால் அன்றிலிருந்து இவள் நிற்கவே இல்லை என்று சொல்ல எலும்பு வைத்தியர் வாசலில் காத்திருக்கிறார்."

வித்தகராயருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "பிரபு, இவனுடைய பேச்சில் மயங்காதீர்கள். இவள் மல்லாந்தல்லவா கிடந்தாள்! சபையே பார்த்தது. மல்லாந்து கிடப்பது நமஸ்காரமா?"

"இல்லையா?" என்றான் இடும்பன்.

"நிச்சயமாக இல்லை!"

"அப்படியானால் அது என்ன, ஐயா?"

வித்தகராயர் வாயைத் திறந்தார். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கண்கள் நாவிதர் பக்கம் போயின. கை தானாகவே மேலுதட்டுக்குப் போனது.

"அது... அது வந்து..."

"சொல்லுங்க ஐயா, சபை காத்திருக்கு" என்றாள் கட்டிலில் இருந்த சிலம்பாயி. "என்ன ஆச்சு எனக்கு?"

மகாராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். இரண்டு கைகளாலும் முகவாயைத் தாங்கிக்கொண்டு வித்தகராயரையே பார்த்தார்.

"நமஸ்காரம்தான்" என்றார் வித்தகராயர், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. "வேறொரு விதமான நமஸ்காரம்."

மகாராஜா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சிலம்பாயி, எழுந்திரு. வேண்டியதைக் கேள்."

"எந்திரிக்க முடியலீங்களே சாமி."

இடும்பன் கைகூப்பினான். "மன்னர் 'எழுந்திரு' என்று சொல்லி ஒரு குடிமகள் எழவில்லை என்றால் அண்டை நாட்டார் என்ன பேசுவார்கள், பிரபு? தங்கள் வாக்கு பலிக்க வேண்டும் என்றால் இவள் நிற்க வேண்டும். இவள் நிற்கும்வரை வைத்தியமும் கஞ்சியும் எருமைகளுக்குத் தீனியும் தங்கள் வாக்கைக் காப்பாற்றும் செலவு. அதுவரை ஊழியமும் அறையும் எங்கேயும் போகக் கூடாது. போனால், எழுந்த பிறகு இவள் எங்கே போவாள்?"

"அப்படியே ஆகட்டும். இன்னும் அவள் வேண்டுவதைக் கேட்கவில்லையே?"

சிலம்பாயி யோசித்தாள். "வாசல்லேருந்து சிம்மாசனம் வரைக்கும் ஒரு கயித்துப் பாய் விரிக்கச் சொல்லுங்க சாமி. தரையக் கொற சொல்லல. அடுத்த தடவ எங்க கும்புடணும்னு நானா முடிவு பண்ணிக்கிறேன்."

மகாராஜா சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, கடைசியில் கிரீடமே ஒரு பக்கம் சரிந்தது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி இடும்பனுக்குப் போட்டார். அவன் மீசைக்குத் தடவ வருடம் முழுவதும் அரண்மனை நெய் என்று உத்தரவிட்டார். சிலம்பாயி எழுந்து நடக்கும்வரை சபைக்கு மோர்ப்பானை சுமக்கும் பொறுப்பு வித்தகராயருக்கு என்றும், பாய் முடைந்து வர ஒரு மாதம் ஆகும் என்றும் சொன்னார்.

"ஒரு விண்ணப்பம், மகாராஜா" என்றான் இடும்பன். "இப்படிக் கும்பிட்டு, எழுந்திரு என்ற வார்த்தை கிடைக்காமல் இன்னும் எத்தனை பேர் வேண்டுதலோடு காத்திருக்கிறார்களோ. ஓலையை முழுதும் படிக்கச் சொன்னால் அவர்களுக்கும் நியாயம் கிடைக்கும்."

"படிக்கட்டும், படிக்கட்டும்!" என்றார் மகாராஜா, கண்ணீரைத் துடைத்தபடி.

ஓலைக்காரர் படித்தார். சேனாதிபதி, ஒரு தடவை. அண்டை நாட்டுத் தூதர், வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று. ராஜகுரு, மூன்று தடவை, ஒரே நாளில். வித்தகராயர், விளக்குத் தூணுக்கு, ஒரு தடவை. ஒவ்வொரு பெயருக்கும் மகாராஜா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். நிறுத்து என்று யாரும் சொல்லாததால் ஓலைக்காரர் கடைசி வரியையும் அதே குரலில் படித்தார்.

"நவமி, காலை, சபை கூடுமுன், காலியாக இருந்த சிம்மாசனத்துக்கு, உத்தமகேசரி மகாராஜா, இரண்டு தடவை."