கவாத்து எடுத்த ரோஜா

பாதிக்கிணறு என்கிற ஊரில் புத்திசாலிகளும் இருந்திருக்கலாம். இந்தக் கதை நடந்த சமயத்தில் அவர்கள் யாரும் ஊரில் இல்லை.

அந்த ஊர்த் திம்மராயனுக்குக் கெம்பம்மாவைக் கட்டிக்கொள்ளக் கொள்ளை ஆசை. பெண்ணின் அப்பா குண்டப்பர் ஒரு ரோஜாத் தொட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

“ஆவணியில வந்து பார்ப்பேன். செடிக்கு நோய்நொடி இல்லைன்னா என் பொண்ணு உனக்கு. இருந்துச்சுன்னா வேற இடம் பார்த்துக்க.”

ஆடி மழையில் இலையெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்தது. திம்மராயனுக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டாளிகள் மாதையனையும் லகுமப்பனையும் இழுத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்கு ஓடினான்.

அங்கிருந்த அதிகாரியம்மா இலையைப் புரட்டிப் பார்த்தார். “கரும்புள்ளி நோய். முதல்ல கவாத்து பண்ணுங்க. புள்ளி விழுந்த இலையைக் கிள்ளிடுங்க. இலை நனையாம தண்ணி ஊத்துங்க. இந்த மருந்தை வாரம் ஒருதடவை நல்லா அடிங்க” என்று ஒரு பொட்டலத்தையும் கொடுத்தார்.

செடிக்குக் கவாத்து என்றால் கிளையை நறுக்கிவிடுவது. மாதையனுக்குத் தெரிந்ததோ வேறு கவாத்து. போலீஸ் மைதானத்து மதில்மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

“லெஃப்ட், ரைட்டுன்னு நடக்கணும்.”

“செடிக்குக் கால் கிடையாதேடா?” என்றான் திம்மராயன்.

“அதனாலதான் இத்தனை நாளா கவாத்து பண்ணாம நோய் வாங்கிக்கிச்சு.”

நியாயமாகத்தான் பட்டது. திம்மராயன் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவைச் சுற்றி விறைப்பாக நடந்தான். மாதையன் ‘திரும்பு’ என்றபோதெல்லாம் தொட்டியும் திரும்பியது.

அடுத்தது கிள்ளுவது. “எவ்வளவு அழுத்திக் கிள்ளணும்?” என்று லகுமப்பன் கேட்டான்.

“வலிக்கிற அளவுக்கு” என்றான் மாதையன்.

“வலிக்குதுன்னு எப்படித் தெரியும்?”

“அழும்.”

ஒவ்வோர் இலையாகக் கிள்ளிக் கிள்ளி விட்டார்கள். ரோஜா அழவில்லை. முள் குத்தி லகுமப்பன்தான் அழுதான்.

இலை நனையக் கூடாது என்பதால் செடிக்குக் குடை பிடித்து, குடைமேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். இலை நனையவில்லை. வேரும் நனையவில்லை.

மருந்து அடிப்பதற்கு மாதையன் உலக்கையே கொண்டுவந்தான். பொட்டலத்தைக் கல்மேல் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டான். பொடி கிளம்பி மூன்று பேர் மூக்கிலும் ஏற, தும்மித் தும்மி உட்கார்ந்துவிட்டார்கள்.

“மருந்தை நாம அடிக்கணும்னுதானே அந்தம்மா சொன்னாங்க?” என்றான் லகுமப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு. “அது திருப்பி அடிக்குதேடா!”

இத்தனை வைத்தியத்துக்குப் பிறகு செடியில் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. ஆவணியும் பிறந்தது, குண்டப்பரும் வந்தார். கெம்பம்மா கை நழுவிப் போய்விட்டாள் என்றே திம்மராயன் நினைத்தான்.

குண்டப்பர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குச்சி குச்சியாகத் தேடினார்.

“புள்ளி எங்கேயும் இல்லையே! நோய் துளிகூட இல்லை. மாப்பிள்ளை கைராசிக்காரர்!”

அந்த மாதமே முகூர்த்தம் வைத்தார்கள். மணமேடையில் திம்மராயன் உட்கார்ந்ததும், கண் பட்டுவிடக் கூடாதென்று அவன் அத்தை கன்னத்தில் மையால் பெரிதாய்த் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

“ஐயோ, கரும்புள்ளி!” என்று அலறினான் லகுமப்பன். “செடியிலேருந்து இவனுக்குத் தொத்திக்கிச்சு!”

மாதையன் தாமதிக்கவில்லை. மாப்பிள்ளையை எழுப்பி, ‘லெஃப்ட், ரைட்’ என்று அக்கினியைச் சுற்றிக் கவாத்து எடுக்க வைத்தான். லகுமப்பன் பின்னாலேயே ஓடி ஓடிக் கன்னத்தைக் கிள்ளினான். திம்மராயன் ஒரே கிள்ளில் அழுதுவிட்டான். மேளக்காரர் வாசிப்பை நிறுத்தினார். புரோகிதர் தாலியும் கையுமாக நின்றார்.

கல்யாணம் நின்றுவிட்டதென்றுதான் கூட்டம் முழுக்க நினைத்தது. குண்டப்பர் மாப்பிள்ளையின் கன்னத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பெண்ணின் கன்னத்தை உற்றுப் பார்த்தார். அங்கேயும் ஒரு மைப்பொட்டு. அவர் முகம் மலர்ந்தது.

“ரெண்டு பேருக்கும் ஒரே நோய்! இதைவிடப் பொருத்தம் எந்த ஜாதகத்துலய்யா கிடைக்கும்? கெட்டிமேளம், கெட்டிமேளம்!”