ஊற்றின் மேல் வைத்த கல்

கோடையில் ஊர்க்கிணறு வற்றிப்போனது. மற்ற நாளில் அந்தப் பக்கமே அண்டவிடாத இருளப்பனை, தூர் வாரக் கூப்பிட்டார் மணியக்காரர்.

"இறங்குடா. தண்ணியைத் தொட்டே, தோலை உரிச்சிருவேன்!"

இறங்கி ஓர் ஆள் ஆழம் தோண்டினான் இருளப்பன். காலடியில் குபுக்கென்று ஊற்று பீறிட்டது. சட்டென்று அங்கே கிடந்த ஒரு கல்லை வைத்து அடைத்து, அந்தக் கல் மேலேயே ஏறி நின்றுகொண்டான்.

மேலே ஊரே வெறுங்குடத்தோடு காத்திருந்தது.

"ஏன்டா அடைச்சே?"

"நான் தொடலை சாமி, தண்ணிதான் என் காலைத் தொட்டிருச்சு. தீட்டாச்சே! இப்படியே மூடிரவா?"

"ஐயோ, எடுத்துவிடுடா!"

"அப்ப நாளைக்கு என் பொண்டாட்டியும் குடத்தோட வருவா. என் கால் பட்ட தண்ணியைத்தானே எல்லாரும் குடிக்கப்போறீங்க?"

மணியக்காரர் பல்லைக் கடித்தார். கல் அசையவில்லை. அவர் மனைவியே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வரட்டும் இருளப்பா. எனக்கு முன்னாடியே மொள்ளட்டும். கல்லை எடு."