ஏழு தண்ணியும் ஒரு பிடி மண்ணும்

கந்தூரி விருந்துக்குச் சட்டி கழுவ வந்தவள்தான் மைமூன். ஆனால் அன்றைக்கு ஊர் பசியாறியது அவள் வாயால்தான்.

பள்ளிவாசல் வளவில் இறைச்சிக் குழம்பான கறி ஆணம் கொதித்து இறங்கியிருந்தது. ஊர்ப் பெரும்புள்ளி முத்துவாப்பா ஹாஜியார் வந்து, உப்புப் பார்க்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் நாலு எலும்பை உறிஞ்சித் தள்ளினார். பிறகு, வாளி கழுவிக்கொண்டிருந்த மைமூனிடம், "முதல்ல என் வீட்டுக்கு ஒரு வாளி ஆணம் ஊத்து" என்றார்.

"ஏழைங்க பந்தி முடியட்டும் ஹாஜியாரே."

ஹாஜியாருக்கு மூக்குக்கு மேல் கோபம். "இந்தச் சட்டியில நாய் வாய் வச்சுச்சு. நான் வாசல்ல நுழையும்போதே பார்த்தேன். அத்தனையும் நஜீஸ், அசுத்தம்! கொட்டிட்டுச் சட்டியைக் கழுவு!"

பசித்து வந்த கூட்டத்தில் அவர் சொல்லை மறுக்க யாருக்குத் துணிச்சல்?

மைமூன் ஒரு வாளித் தண்ணீரையும் கொட்டாங்கச்சி நிறைய மண்ணையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நாய் வாய் வச்சதை ஏழு தடவை கழுவணும். அதுல ஒரு தடவை மண்ணு கரைச்ச தண்ணியில கழுவணும். மார்க்கச் சட்டம் அதுதானே? சட்டியை நான் பார்த்துக்கிறேன். நாய் வாய் வச்சதைப் பார்த்துட்டு வந்து தின்னீங்களே, முதல்ல உங்க வாயைக் கழுவுங்க."

ஹாஜியார் மண்ணைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். தாடியில் ஆணம் இன்னும் காயவில்லை.

"இப்ப யோசிச்சா... அது பூனை மாதிரிதான் இருந்துச்சு" என்று முனகினார்.

"பூனை வாய் வச்சா மார்க்கத்துல சுத்தம்தான். பந்தியைப் போடுங்க!" என்றாள் மைமூன்.

இன்றைக்கும் அந்த ஊரில் யாராவது பேச்சு மாறினால், "என்ன, மண்ணைக் கண்டதும் நாய் பூனையாயிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.