வெள்ளைக் காதுக் கிடா

கேளுங்கள், கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு கிறிஸ்தவ ஊர். அங்கே கோயில் பண்டிகையின் கடைசி நாள் அசனம் நடக்கும். ஊர் முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடுவதற்குத்தான் அந்தப் பேர். அரிசி ஒரு வீட்டிலிருந்து வரும், தேங்காய் ஒரு வீட்டிலிருந்து வரும். கிடா, பொருத்தனையாக நேர்ந்துகொண்டவர்களிடமிருந்து வரும். பொருத்தனைக் கிடாவை வாங்குகிறவர் விலை பேசக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்.

அங்கே ஆடு வளர்த்துப் பிழைத்தவள் தங்கபுஷ்பம். கை இறுக்கமென்றால் அப்படி ஒரு இறுக்கம். பண்டிகை வசூலுக்கு ஆள் வருவது தெரிந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விடுவாள்.

பண்டிகை நெருங்கும்போது இரத்தினபாய் அவளிடம் வந்தாள். இரத்தினபாயின் மகள் பிரசவத்தில் பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்து, தாயும் பிள்ளையுமாகத் தப்பி வந்திருந்தாள். கறுப்பு உடம்பும் இடது காது மட்டும் வெள்ளையுமாக நின்ற கிடாவை இரத்தினபாய் கேட்டாள்.

“பொருத்தனைக்குக்கா. எம் பேரு வெளிய வராமக் குடுக்கேன்னுதான் நேந்திருக்கேன். வந்துட்டா பொருத்தனை செல்லாது. உபதேசியாரு வந்து புடிச்சுக்கிடுவாரு. உன் வாயிலருந்து எம் பேரு வரப்படாது.”

“வராது” என்று தங்கபுஷ்பம் வாக்குக் கொடுத்தாள். பொருத்தனைக்கு வாங்குகிறவள் விலை பேச மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியுமே. சந்தையில் சொல்லக் கூசுகிற விலையைச் சொன்னாள். இரத்தினபாய் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் அறிவிப்பு வாசித்தார். புதன்கிழமை ஜெபக்கூட்டம் யார் வீட்டில், வெள்ளிக்கிழமை மாதர் சங்கம் எங்கே, சனிக்கிழமை அசனம். பிறகு அரிசி கொடுத்தவருக்கு நன்றி, தேங்காய் கொடுத்தவருக்கு நன்றி. “ஒரு கிடாவும் வந்திருக்கு. குடுத்தவங்க பேரு சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. அவங்களுக்கும் நன்றி.”

வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் வெள்ளைக் காதை ஆட்டிக்கொண்டு நிற்கிறது கிடா. அந்தக் காதைத் தெரியாதவர் ஊரில் உண்டா? பெண்கள் தங்கபுஷ்பத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். மாதர் சங்கத் தலைவி எப்சிபா அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “உங்களப் போயி என்னவெல்லாம் பேசிட்டோம் மைனி” என்று கண் கலங்கினாள்.

‘வித்தேன்’ என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் கையை அப்படி ஆசையாகப் பிடித்து யாரும் பேசி எத்தனையோ காலம். தலையைக் குனிந்து ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தாள். நிமிர்ந்தபோது தண்ணீர்க் குழாயடியில் நின்ற இரத்தினபாய் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பத்துக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. எப்சிபா வீட்டுக்கே போய், “நான் குடுக்கல தாயி” என்றாள்.

“குடுத்தவிய அப்படித்தான் சொல்லுவாவ. பேரு வேண்டாம்னு சொன்ன ஆளாச்சே நீங்க” என்று எப்சிபா காப்பி கொடுத்து அனுப்பினாள்.

மறுக்க மறுக்க அவள் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமை மாதர் சங்கம் கூடி, கோயில் போதகரான ஐயர் ஜெபம் பண்ணி எடுக்கும் முதல் அகப்பைச் சோறு தங்கபுஷ்பம் இலையில்தான் விழ வேண்டும் என்று முடிவும் செய்துவிட்டது.

கொடுத்தது நானில்லை என்று நீங்களாவது சொல்லுங்கள் என்று உபதேசியாரிடம் ஓடினாள். “நானும் வாக்குக் குடுத்திருக்கேனே. நீங்க இல்லன்னு நான் சொன்னா, பின்ன யாருன்னுதானே அடுத்தாப்ல கேப்பாங்க? நான் வாயத் திறக்க மாட்டேன்” என்றார்.

இரத்தினபாயிடம் போனாள். அசனத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “இருக்கட்டும்க்கா. உம் பேரு இருக்க வரைக்கும் எம் பேர யாரும் தேட மாட்டாவ. எனக்காக வாங்கிக்கோ.”

“வெலயும் வாங்கிட்டு நன்றியும் வாங்கச் சொல்லுதியா?”

இரத்தினபாய் முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை தங்கபுஷ்பத்தை முதல் வரிசையில் முதல் இலையில் உட்காரவைத்தார்கள். ஐயர் ஜெபத்தை முடித்து அகப்பையை எடுத்தார். சோறு இலைக்கு நேராக வந்தபோது தங்கபுஷ்பம் இலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“ஐயரே, இந்தக் கிடாவ நான் குடுக்கல. வித்தேன். பொருத்தனைக்குன்னு தெரிஞ்சே அநியாய வெலைக்கு வித்தேன். அன்னைக்கு இவிய கையப் புடிச்சப்ப சும்மா சிரிச்சுட்டு இருந்துட்டேன். யாருக்கு வித்தேன்னு மட்டும் கேக்காதிய.”

எப்சிபாவின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு எல்லார் கண்ணும் தங்கபுஷ்பத்தை விட்டுவிட்டு, அப்படியானால் யார் என்று வரிசை வரிசையாகத் தேட ஆரம்பித்தன. குழம்பு வாளியோடு நின்ற இரத்தினபாய் குனிந்து குழம்பைக் கலக்கத் தொடங்கினாள்.

இப்போது சொல்லுங்கள். வாக்குக்காக வாயை மூடிக்கொண்டவர் உபதேசியார். பொருத்தனைக்காக இன்னொருத்தி பேருக்குப் பின்னால் ஒளிந்தவள் இரத்தினபாய். பேரைச் சொல்லாமல், ஆனால் ஊரே அந்தப் பேரைத் தேடும்படி உண்மையைச் சொன்னவள் தங்கபுஷ்பம். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தங்கபுஷ்பம் செய்ததுதான். உபதேசியாருக்கு வாக்கைக் காப்பாற்ற எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. இரத்தினபாய் தன் பொருத்தனைக்கு அடுத்தவளுடைய வெட்கத்தையும் சேர்த்துச் செலவழித்தாள். தங்கபுஷ்பம் காக்க வேண்டியது ஒரு பேரை, அது அவள் வாயிலிருந்து வரவில்லை. வேப்பமரத்தடியிலேயே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். அதை அவளே ஒத்துக்கொள்கிறாள். அன்றைக்குப் பந்தலில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. “குழம்பு ஆறுது, ஊத்துங்க” என்று எப்சிபாதான் முதலில் பேசினாள். ஆகவே பொருத்தனை இன்றுவரை செல்லும். இரத்தினபாய் என்ற பேரும் மகளுடைய பிரசவமும் நான் இட்டுக்கட்டியவை. அவள் யாரென்று எனக்கும் தெரியாது, தங்கபுஷ்பத்திடம் கேட்டும் சொல்லவில்லை. தங்கபுஷ்பம் பேர் மட்டும் நிஜம். அதையும் மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.