அறுபது சுற்று வந்த கம்பு

கேளுங்கள், காது உள்ளவர்களே. உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கும் பல் முளைக்காத காலத்தில், குமிழி நாட்டை அதிரூபன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான். நாக்கில் மட்டும் கொஞ்சம் கர்வம்.

அவன் இலையில் எது விழுந்தாலும் அது முப்பது காதம் கடந்து வந்திருக்க வேண்டும். கோட்டை வாசலில் காவலன் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, "எத்தனை காதம்?" என்று கேட்பான். முப்பதுக்குக் குறைந்தால் அரண்மனைச் சமையலறைப் பக்கமே விடமாட்டான். உள்ளூரில் விளைந்த கம்பும் வரகும் கொள்ளும் சிறைச்சாலைக்குப் போகும். குற்றவாளிகளுக்கு அது போதும் அல்லவா!

அத்தனை தூரம் வரும் பண்டம் கெடாமல் இருக்க வேண்டுமே? மீன் உப்பில் புதைந்து வந்தது. பழம் பாகில் மூழ்கி வந்தது. இறைச்சி கொழுப்பில் உறைந்து வந்தது. அரசன் தின்றான், பெருமைப்பட்டான், வீங்கினான். கடைசியில் சிம்மாசனத்தின் மூன்று படி ஏற மூன்று ஆள் தேவைப்பட்டது.

மூன்று மருத்துவர்கள் வந்தார்கள். மூவரும், "உணவை மாற்றுங்கள், அரசே" என்றார்கள்.

"என் இலையையா குறை சொல்கிறீர்கள்?" என்று மூவரையும் சிறையில் தள்ளினான் அரசன். மூன்று பௌர்ணமிக்குள் கால் வீக்கம் வற்றாவிட்டால் அவர்கள் தலை போகும் என்றும் பறையறையச் சொன்னான்.

மூன்றாம் மருத்துவன் ஆதன். அவன் மனைவி கொற்றியும் வைத்தியம் தெரிந்தவள். ஒரு மாதம் கழித்துத்தான் அவனைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அழுதுகொண்டே சிறைக்கு ஓடினாள். புருஷனைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

"ஏங்க, எலும்பும் தோலுமா இருப்பீங்கன்னு நெனச்சேன். கன்னம் பளபளன்னு இருக்கே!"

"காலையில கம்பங்கூழு, மத்தியானம் வரகுச்சோறு, பொழுது சாஞ்சா கொள்ளுக்கஞ்சி. மூட்டுவலிகூடப் போயிடுச்சு, கொற்றி. தலை போகப்போகுதுங்கிறது ஒண்ணுதான் குறை."

கொற்றி வீட்டுக்குப் போய் மாட்டுவண்டியில் கம்பும் வரகும் கொள்ளும் ஏற்றினாள். கோட்டையை ஒருமுறை சுற்ற அரைக் காதம். அறுபது முறை சுற்றினாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது, பாவம் என்று வயலில் நின்றவர்கள் இரங்கினார்கள்.

பதினைந்தாம் நாள் வண்டி வாசலுக்கு வந்தது.

"எத்தனை காதம்?"

"முப்பது, ஐயா. ஒரு முழம்கூடக் குறையாது."

அரண்மனைக்குள் போனவள், "இதனோடு வேறு எதைச் சேர்த்து உண்டாலும் இதற்கு மரியாதைக் குறைவு, அரசே" என்றாள். மரியாதை தெரிந்த அரசன் வேறெதையும் தொடவில்லை. மூன்றாம் பௌர்ணமிக்கு முன்பே மூன்று படியையும் தானே ஏறினான்.

"இது எந்த நாட்டு விளைச்சல், பெண்ணே?"

"முதலில் மூவரையும் விடுங்கள். சொல்கிறேன்."

விட்டான். கொற்றி அவனைக் கோட்டை மதில்மேல் அழைத்துப் போய், கீழே தெரிந்த அவனுடைய வயல்களைக் காட்டினாள். நடந்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

அரசன் முகம் சுருங்கியது. இவளைச் சிறையில் போடலாம். ஆனால் அங்கேயும் அதே கூழ்தானே! கடைசியில், "யாரிடமும் சொல்லாதே. வண்டி சுற்றிக்கொண்டே இருக்கட்டும்" என்றான். அதன்பின் குமிழி நாட்டில் இளைத்தவை அந்த வண்டி மாடுகள் மட்டும்தான்.

கொற்றிக்குப் பரிசாக உப்பு மீனும் பாகுப் பழமும் வண்டி நிறைய வந்தன. ஆதன் ஒரு ஜாடியின் மூடியைத் திறந்து பார்த்தான். உடனே மூடினான்.

"கொற்றி, கூழ் இருக்கா?"

தன் மண்ணில் விளைவதை இளக்காரமாக நினைப்பவன், தன் உடம்பைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் அதன் அருமையை அறிவான்.